பரதேசிகளின் பெஞ்சு

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "யூதர் என்றால் யார்?" என்று பத்துப் பேரைக் கேட்டால் என்ன பதில் வரும்? ஒருவர் பைபிள் என்பார். ஒருவர் ஹிட்லர் என்பார். இன்னொருவர் இஸ்ரேல், சொட்டுநீர்ப் பாசனம் என்பார் (தர்மபுரி மாவட்டமாச்சே, தண்ணீர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்!). "அவங்க நம்ம பக்கத்து ஸ்டேட்ல ஆயிரம் வருஷமா இருந்தவங்க" என்று யாராவது சொன்னால் அது அதிசயம். இத்தனைக்கும் சென்னையிலிருந்து எர்ணாகுளம் போகிற ரயில்கள் பொம்மிடி வழியாகத்தான் ஓடுகின்றன. அதில் ஒன்றைப் பிடித்து எர்ணாகுளத்தில் இறங்கி, மட்டாஞ்சேரிக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும். யூதத் தெரு வந்துவிடும்.

போனவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி புகைப்படங்களோடுதான் திரும்பி வருகிறார்கள். 1568-ல் கட்டிய ஜெப ஆலயம், கூரையிலிருந்து தொங்குகிற கண்ணாடி விளக்குகள், சீனாவிலிருந்து வந்த நீல-வெள்ளைத் தரை ஓடுகள் (ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பார்கள்), 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு. அந்தக் கடிகாரத்தில் ஒரு பக்கம் ரோமன் எண், ஒரு பக்கம் மலையாள எண், ஒரு பக்கம் ஹீப்ரு எண். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல போஸ்டர் கிடைக்குமா? உலகம் முழுக்க யூதர்களை விரட்டி விரட்டி அடித்தபோது இந்தியா மட்டும் அன்போடு வைத்துக்கொண்டது என்று வழிகாட்டிகள் மூச்சு விடாமல் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் நெஞ்சு நிமிரும்.

அது பொய் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி அந்த ஆலயத்துக்குள்ளேயே ஒரு பெஞ்சில் இருக்கிறது.

பெஞ்சுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு ஒரு செப்புப் பட்டயம் கொடுத்தான். கொடுத்த இடம் முயிரிக்கோடு, அதாவது நம் சங்கப் பாடல்களில் வருகிற முசிறிப் பக்கம், இன்றைய கொடுங்கல்லூர். பட்டயத்தில் ரப்பானின் பெயர் இந்த ஊர் நாக்குக்கு ஏற்றபடி "இசுப்பு இரப்பான்" என்று திரிந்திருக்கிறது. மலையாளம் தமிழிலிருந்து தனியாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி, வட்டெழுத்தில் எழுதியது. பகல் விளக்கு, குடை, பல்லக்கு, பறை, எக்காளம், தோரணம் என்று 72 உரிமைகள், கூடவே அஞ்சுவண்ணம் என்கிற வணிகர் அமைப்பின் தலைமை, வரிச் சலுகை. காமர்ஸ் படிக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அரசாங்கம் வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் கொடுக்கிற சலுகைப் பட்டியல் இன்றைக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது, பல்லக்கும் பறையும் மட்டும்தான் இல்லை. மிளகு வாங்க வருகிறவன் நிம்மதியாக இருந்தால்தான் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் என்று மன்னனுக்குத் தெரிந்திருந்தது. வரவேற்பில் அன்பும் இருந்தது, கணக்கும் இருந்தது. கணக்கு இருந்ததால் அன்பு பொய்யாகிவிடாது.

சென்னையிலும் இதே கதைதான், அளவில் சின்னது. 17-ஆம் நூற்றாண்டில் பவளத்தைக் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிப் போக யூத வணிகர்கள் மதராசுக்கு வந்தார்கள். 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன் 12 பேரில் 3 பேர் யூதர்கள். இன்று மிச்சம் இருப்பது முத்தியால்பேட்டையில் பவழக்காரத் தெரு என்கிற பெயரும், லாயிட்ஸ் சாலைக்கு மாற்றப்பட்ட ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும்தான். அந்தத் தெருவில் தினமும் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

சரி, கொச்சிக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கை ஓங்கியதும் கொடுங்கல்லூர் யூதர்களுக்கு அங்கே இருக்க முடியவில்லை. கொச்சி ராஜா தன் அரண்மனைக்கு அருகிலேயே, அரண்மனைக் கோயிலை ஒட்டி, அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஏற்கெனவே மலபாரில் இருந்த யூதர்களோடு இப்போது புதிதாக இன்னொரு கூட்டமும் சேர்ந்தது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள், பிறகு சிரியா, ஈராக் பக்கமிருந்து வந்தவர்கள். இவர்களுக்குப் பெயர் "பரதேசிகள்". தமிழில் அது திட்டு. மலையாளத்தில் வெறும் வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் "பரதேசி ஜெப ஆலயம்" என்ற போர்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழிப்பது வாடிக்கை.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. கடைசியாக வந்தவர்கள் மேலே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பரதேசிகள் "வெள்ளை யூதர்" ஆனார்கள். ஐந்நூறு வருடம் முன்னாடியே இருந்தவர்கள் "கறுப்பு யூதர்" ஆனார்கள். ஒரே தெருவில் மூன்று ஜெப ஆலயங்கள், பரதேசி ஒன்று, மலபாரிகளுடையது இரண்டு. பெண் கொடுப்பது கிடையாது, எடுப்பது கிடையாது. மலபாரி அறுத்த இறைச்சியைப் பரதேசி தொடமாட்டார். யூத வழிபாடு முழுமையாக நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், மின்யான் என்பார்கள். அந்தப் பத்தில் பரதேசிகள் மலபாரியைச் சேர்க்கமாட்டார்கள். அந்த ஆயிரமாண்டுச் செப்புப் பட்டயத்துக்கு இரண்டு தரப்பும் வாரிசு என்று சொல்லிக்கொண்டது. பட்டயம் கொடுத்தபோது பரதேசிகள் இந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. ஆனால் பெட்டிச் சாவி அவர்களிடம்!

இது தவறு என்று சொல்ல ஆள் இல்லாமல் போகவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சண்டை கெய்ரோவில் இருந்த பெரிய ரப்பி டேவிட் இப்னு சிம்ராவிடம் போனது. ஒரு சடங்கு முழுக்குப் போட்டால் போதும், அவர்கள் முழு யூதர்களே, தாராளமாகச் சம்பந்தம் செய்யலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அவருடைய சீடரும் அதையே சொன்னார். கொச்சியில் யாரும் காதில் வாங்கவில்லை. மத நூல் என்ன சொல்கிறது என்பது அங்கே பிரச்சினையே இல்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

கறுப்பு யூதர்களுக்காவது தனி ஆலயங்கள் இருந்தன. அதிலும் கஷ்டமான நிலைமை இன்னொரு கூட்டத்துக்கு. பரதேசிக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து, மதம் மாறி, விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வாரிசுகளும். மெசுக்ராரிம் என்று பெயர். விடுதலை பெற்றவர்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். இவர்கள் பரதேசி ஆலயத்துக்கு வரலாம். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. தரையிலோ வாசல் பக்கமோதான் உட்கார வேண்டும். தோரா வாசிக்க மேடைக்கு அழைக்கமாட்டார்கள். கல்யாணத்தை ஆலயத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இவர்களில் ஒரு பகுதியினர் வெறுத்துப்போய், பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த ஃபோர்ட் கொச்சிக்குப் போய்த் தனியாக வழிபாடு நடத்திப் பார்த்தார்கள். கொள்ளை நோய் வந்தது. மிஞ்சியவர்கள் அதே தரைக்குத் திரும்பி வந்தார்கள்.

இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஏதோ புதிதாகக் கேட்பது போலவா இருக்கிறது? இரட்டை டம்ளர், தனிச் சுடுகாடு, காலனித் தெருவுக்குள் நுழையாத தேர். 2012 நவம்பரில் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று காலனிகள் எரிந்தது எதனால் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"பாவம், யூதர்களுக்கு இதெல்லாம் தெரியாது, நம்மிடமிருந்து ஜாதியைக் கற்றுக்கொண்டார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. கேரளத்தின் தீண்டாமையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வாதத்தை முழுதாக ஒத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விடும். அவர்களுக்கு "சூழ்நிலை" என்று ஒரு சாக்கு. நமக்கு "ஜாதி எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும், என்ன செய்வது" என்று ஒரு பெருமூச்சு. யாரிடம் அடிமை இருந்ததோ அவர்தான் அந்த அடிமையின் பேரனைத் தரையில் உட்கார வைத்தார். அதைக் கற்றுக்கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. அதைத் தள்ளிவிட முடியாது. சின்ன சமூகம், சுற்றிலும் பெரிய கடல். கட்டுப்பாடு வைக்காவிட்டால் இரண்டு தலைமுறையில் கரைந்துபோகும். வேலி இருந்ததால்தான் ஆயிரம் வருடம் தாக்குப்பிடித்தார்கள், அந்த வேலியைக் குறை சொல்ல நாம் யார்?

வேலி நிஜமாகவே அழகான வேலிதான். பெசாக் பண்டிகைக்கு அவர்கள் தயாரானதைப் பற்றிப் படித்தால் நம் போகிப் பண்டிகையெல்லாம் விளையாட்டு. மாதக் கணக்கில் வேலை நடக்கும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, கிணறு இறைத்து, அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்வார்கள். ஐரோப்பிய யூதர்கள் பலர் பெசாக் சமயத்தில் அரிசி சாப்பிடுவதில்லை. கொச்சிக்காரர்கள் சாப்பிடுவார்கள், கேரளத்தில் அரிசி இல்லாமல் எட்டு நாள் ஓட்ட முடியுமா! உலர்ந்த திராட்சையில் பண்டிகைக்கான ஒயின் வீட்டிலேயே தயாராகும். கல்யாணத்தில் தாலி உண்டு, கட்டுவது மாப்பிள்ளையின் சகோதரி. ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். சிம்கத் தோரா அன்று தோராச் சுருள்களை வெளியே எடுத்து ஆலயத்தைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள், சாமி புறப்பாடு மாதிரியே. சுருள்களுக்குக் கிரீடம் உண்டு. அதில் ஒரு தங்கக் கிரீடம் திருவிதாங்கூர் மன்னர் கொடுத்தது.

இத்தனையும் சுற்றியிருந்தவர்களிடமிருந்து எடுத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டவை. கரைந்துபோகவில்லையே? தாலியை உள்ளே விட்டார்கள், யூதத்தன்மை போகவில்லை. அரிசியை விட்டார்கள், போகவில்லை. சொந்த மதத்துக்காரன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் போய்விடுமா? சனிக்கிழமை வேலை செய்யாமல் இருப்பது வேலி. தரையில் உட்கார் என்பது வேலி இல்லை, வீட்டுக்குள்ளேயே எழுப்பிய சுவர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பல சின்னச் சமூகங்கள், சங்கங்கள், ஏன் கல்லூரி மன்றங்கள்கூட, "நம்ம தனித்தன்மை" என்று சொல்லிக்கொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சுவரில் கை வைத்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (நம்ம சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, பெயர்தான் அது!) 1882-ல் மெசுக்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சமூகத்தில் முதல் பட்டதாரி. மதராசுக்கு வந்து படித்து, எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் செய்தார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் பிரச்சினைகளுக்குக் குரல் கொடுத்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுகிற மனிதர், வெள்ளி மாலை ஆலயத்துக்குப் போனால் தரையில் உட்கார வேண்டும்.

வைக்கத்தில் 1924, 1925-ல் நடந்தது நமக்குத் தெரியும். பெரியார் அங்கே இருமுறை சிறை போனது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அதே காலத்தை ஒட்டி, அதே வகைப் போராட்டம் ஒரு ஜெப ஆலயத்துக்குள்ளும் நடந்தது என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சேலம் காந்தி வழியைத்தான் பிடித்தார். தனி ஆலயம் கட்டிக்கொள்வோம் என்று கிளம்பவில்லை. ஆலயம் எங்களுடையதும்தான், இங்கேயே உட்காருவோம் என்றார். உண்ணாவிரதம் வரைக்கும் யோசித்தார். பெரியவர்கள் ஒரே நாளில் இறங்கி வரவில்லை. இன்று ஒன்று, சில வருடம் கழித்து இன்னொன்று என்று கணக்குப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்தார்கள். 1942 வாக்கில் பெரும்பாலான தடைகள் போயின. மக்கள் அவரை "யூத காந்தி" என்று கூப்பிட்டார்கள். பிற்பாடு அவருடைய மகனே ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அதற்கும் முணுமுணுப்பு இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூதர்களுக்குத் தன் கோயில் சுவரை ஒட்டி இடம் கொடுத்த அதே ராஜ்யத்தில், ஒரு புலையர் கோயில் தெருவில் நடக்க முடியாது. திருவிதாங்கூர் 1936-ல் கோயில்களைத் திறந்துவிட்டது. கொச்சி அதற்குப் பிறகும் சுமார் பத்து வருடம் இழுத்தடித்தது. தூரத்திலிருந்து வந்தவனுக்குப் பட்டயம், வயலில் நிற்பவனுக்குத் தடை. "வந்தாரை வாழவைக்கும்" என்று சொல்லிப் பெருமைப்படுகிற நாமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வந்தவரை வாழ வைப்பது சுலபம். அவருக்கு நம்மிடம் பழைய பாக்கி ஏதும் கிடையாது. இங்கேயே இருக்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். அவரிடம் பழைய கணக்கு இருக்கிறது.

மெசுக்ராரிம் குடும்பத்திலிருந்து வந்த இன்னொருவர் ரூபி டேனியல், 1912-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951-ல் இஸ்ரேல் போய் அங்கே ஒரு கூட்டுப் பண்ணையில் வாழ்ந்தார். 1995-ல் பார்பரா ஜான்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். பரதேசி ஆலயத்தில் தங்களை எப்படி நடத்தினார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதே சமயம் அந்தத் தெருவின் மேல் அவ்வளவு பாசமும் இருக்கிறது. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்பதை அந்தப் புத்தகத்தைப் படித்தால் நம்பலாம்.

ரூபி செய்த பெரிய வேலை பாட்டு. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய நூற்றுக்கணக்கான பாட்டுகள், கல்யாணப் பாட்டு, பைபிள் கதைப் பாட்டு, கிளிப் பாட்டு, எல்லாம் பாட்டிமார்கள் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. ரூபி அவற்றில் பலவற்றை மொழிபெயர்த்தார். ஸ்கரியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் இருவரும் 2005-ல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பாட்டுகளில் பலவும் வெள்ளை, கறுப்பு, மெசுக்ராரிம் என்று எல்லா வீட்டு நோட்டுகளிலும் இருக்கின்றன. ஆண்கள் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் பாட்டை இந்தத் திண்ணையிலிருந்து அந்தத் திண்ணைக்குக் கடத்தியிருக்கிறார்கள். கொச்சி யூதப் பண்பாடு என்று இன்றைக்கு உலகம் எதைக் கேட்டு ரசிக்கிறதோ அதில் பெரும்பகுதி மேடைக்கு அழைக்கப்படாதவர்கள் காப்பாற்றியது.

1950-களின் நடுவில் மலபாரிகள் ஏறக்குறைய மொத்தமாக இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். இதற்கு உள்ளூர்ப் பாகுபாடுதான் காரணம் என்று சொன்னால் அது ஜல்லியடிப்பது. புனித பூமிக்குத் திரும்பும் ஆசை, புது நாடு, போன சொந்தக்காரர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் சேர்ந்தது. மாளா ஊர்க்காரர்கள் 1955-ல் போகும்போது தங்கள் ஆலயத்தைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போன இடத்தில் ராஜ மரியாதையா கிடைத்தது? யானைக்கால் நோய் பரவிவிடும் என்று பயந்து முதலில் அவர்களை ஏற்கவே தயங்கினார்கள். பிறகு நெகேவ் பாலைவனத்தில் நெவாட்டிம் போன்ற இடங்களில் குடியேற்றினார்கள். கொங்கண் பகுதியிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு இன்னும் மோசம். இவர்கள் சுத்தமான யூதர்களா என்று அங்கிருந்த தலைமை ரப்பிகள் சந்தேகத்தைக் கிளப்பி, கல்யாணத்துக்குக் கெடுபிடி வைத்தார்கள். ஜெருசலேமில் போராட்டம் நடத்தி, 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தலையிட்ட பிறகுதான் அடங்கியது. (அந்த பெனே இஸ்ரேல் சமூகத்துக்குள்ளேயே கோரா, காலா என்று வெள்ளை, கறுப்புப் பிரிவு இருந்தது என்பது இன்னொரு கூத்து.)

கொச்சியில் மிஞ்சியது பரதேசிகள்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 2019-ல் சாரா கோஹன் 96 வயதில் இறந்தார். அவருடைய எம்ப்ராய்டரிக் கடையையும் அவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024-ல் குயீனி ஹலேகுவா இறந்தார். இப்போது அந்த ஆலயத்தில் பத்து ஆண்கள் சேர வேண்டுமானால் வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் அதே தெருவில் நூற்றுக்கணக்கான யூத ஆண்கள் இருந்தார்கள். அவர்களை எண்ண மாட்டோம் என்றார்கள்.

2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது அந்தச் செப்புப் பட்டயத்தின் நகலைத்தான் நேதன்யாகுவுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1968-ல் ஆலயத்தின் 400-ஆவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியிட்டார்கள். பட்டயத்தை எல்லோரும் காட்டுகிறார்கள், நியாயம்தான். பெஞ்சைப் பற்றியும் அதே அளவு எழுத்தில் ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்? கொச்சியில் சேலத்தின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியப்போவதில்லை. நம் பிளஸ் டூ வரலாற்றுப் புத்தகத்தில் வைக்கம் பாடத்துக்குக் கீழே மூன்று வரி போதும். தீண்டாமை ஒரு மதத்தின் சொத்து இல்லை, அதை எதிர்த்ததும் ஒரு மதத்தின் சொத்து இல்லை என்று பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிவது நல்லதுதானே.

"இந்தியாவில் யூத வெறுப்பே இருந்ததில்லை" என்று அடித்துச் சொல்பவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். 2008 நவம்பரில் மும்பை நரிமன் ஹவுசில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், சரி. 2012-ல் அகமதாபாத்தில் ஒரு துணிக்கடைக்கு "ஹிட்லர்" என்று பெயர் வைத்தது உள்ளூர்க்காரர்கள். நாமும் கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைக்கிறோம், டிவி சீரியலுக்கே அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது. வெறுப்பில் வைப்பதில்லை, தெரியாமல் வைப்பது. ஆனால் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றவன் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்கிற வகுப்பில் ஒரு யூத மாணவன் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? காஸாவில் நடப்பதைப் பார்த்துக் கொதிப்பவர்கள் கொதிக்கட்டும், கொதிக்க வேண்டிய விஷயம்தான். இஸ்ரேல் அரசைக் கண்டிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மட்டாஞ்சேரியில் தனியாக வாழ்ந்த ஒரு கிழவியிடம் போய் "உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று கேட்பதுதான் அசிங்கம். இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள், பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்தவர் என்று அந்தக் கேள்வியைச் சந்திக்காத ஆள் இங்கே குறைவு.

கொச்சிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். மற்ற நாளில் டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றி உள்ளே போனால் எல்லோரும் மேலே விளக்குகளையும் கீழே ஓடுகளையும் பார்ப்பார்கள். சுவர் ஓரமாக இருக்கும் மர பெஞ்சுகளையும் ஒரு தடவை பாருங்கள். இப்போது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன.

கொசுறு: பைபிளில் சாலமன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் மயிலும் உண்டு. அதற்கு ஹீப்ருவில் இருக்கிற சொல் "துக்கி". அது நம் "தோகை"யிலிருந்து போனது என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது ரப்பானுக்குச் சேரன் பட்டயம் கொடுப்பதற்கு ரொம்ப காலம் முன்பே நம் ஊர் மயில் அங்கே போய்க் குடியேறிவிட்டது. அதற்கு யாரும் ஜாதி கேட்டதாகத் தெரியவில்லை :-)